பழைய ஒயில் காசு ஆருக்குச் சொந்தம்?

கராஜ் கணக்கு எழுதுற ஆளுக்கு கழிவு எண்டா ரெண்டு சாதிதான். ஆராவது காசு தந்து எடுத்துக்கிட்டுப் போறது ஒண்டு, சும்மா தாறம் எண்டாலும் ஆரும் வேணாம் எண்டுறது மற்றது. அண்ணாட கராஜ் மட்டக்களப்பு கல்முனை ரோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்க, கடற்கரைப் பக்கம் மணல் காணியில கிடக்கு. வேலை அண்ணாவும் பொடியனுகளும், பில்லும் கணக்கும் கடதாசி வேலையும் என்ட தலையில. அதால நான் இதை எழுதக்குள்ள மெக்கானிக் கண்ணால பாக்க மாட்டன், கொப்பியில எந்தப் பக்கம் காசு வருது எந்தப் பக்கம் போகுது எண்டுதான் பாப்பன்.

முதலாம் சாதியில கனக்கச் சாமான் இருக்கு. பழைய ஒயில், செத்த பற்றரி, இரும்பு, அலுமினியம், செப்பு வயர், உடைஞ்ச றேடியேற்றர், மறுகா சைலன்சர் பைப்பில புகையைச் சுத்தமாக்க வைச்சிருக்கிற கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர். அதுக்குள்ள பிளாட்டினம், பலேடியம், ரோடியம் எண்டு கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறதால அதைத் தேடி ஆக்கள் வாசலுக்கே வருவாங்க. ரெண்டாம் சாதியில ஒயில் பில்டர், ஒயில் துடைச்ச துணி, நிலத்தில சிந்தினதை உறிஞ்சப் போட்ட மரத்தூள், எஞ்சினைக் குளிராக்கிற கூலண்ட், பிரேக் ஒயில், பாட்ஸ் கழுவின மண்ணெண்ணெய்க்கு அடியில தங்குற சேறு, தேஞ்ச பிரேக் சூ, உடைஞ்ச பம்பர், கண்ணாடி, டயர். இதுகள் ஒண்டையும் ஆரும் கேட்டு வாறதில்ல.

சட்டம் எண்டு பாத்தா ரெண்டு சாதியும் ஒண்டுதான், ரெண்டையும் ஒழுங்கா குடுக்க வேணும். காசு எண்டு பாத்தா அப்பிடி இல்ல. இஞ்சதான் சிக்கல் தொடங்குது.

முதல் பழைய ஒயிலைச் சொல்றன். ஒரு சின்னக் கார் சேவிஸ் பண்ணினா 3, 4 லீற்றர் வரும், வேகன் ஆர் எண்டா அதையும் விடக் குறைவு, ஆட்டோ எண்டா ஒரு லீற்றர் வந்தாலே பெரிய விசயம். ஆனா வெள்ளாமை வெட்டுக் காலத்தில உழவு மெசினும் வெட்டு மெசினும் லொறியும் வரத் தொடங்கினா பெரல் சட்டெண்டு நிரம்பிரும். பெரல் நிரம்பினா ஒரு கோல் போதும், பின்னேரம் லாண்ட் மாஸ்டர் எண்டுற ரெண்டு சில்லு உழவு மெசினில வந்து எடுத்துப்போட்டு அந்த இடத்திலயே காசு எண்ணித் தருவாங்க. எங்க போகுது எண்டு கேட்டா ஒரு பகுதி கட்டிட வேலைக்கு, கொங்கிறீட் ஒட்டாம இருக்க பலகையில பூச. ஒரு பகுதி மரம் அரியிற செயின் சோவுக்கு, ஒரு பகுதி கறையான் புடிக்காம இருக்க வேலிக் கட்டைக்கு. மிச்சம் எரிக்க. எரிக்கிறதுதான் மோசம். எஞ்சினுக்குள்ள ஓடி முடிஞ்ச ஒயிலில சிங்க் எண்டுற நாகம் இருக்கு, தேய்மானத்தில வந்த உலோகத் தூள் இருக்கு, கரிப்பொடி இருக்கு, புற்றுநோய் தரக்கூடிய எரி கழிவுகளும் இருக்கு. அடுப்புச் சூட்டில இதெல்லாம் அழியாது, புகையோட மேல போய் பக்கத்து வளவுக்குள்ள இறங்கும்.

அமெரிக்க சுற்றாடல் நிறுவனம் ஒரு கணக்குச் சொல்லும், ஒரு கேலன் பழைய ஒயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணியைக் கெடுத்துப்போடுமாம். எங்கட பக்கம் இந்தக் கணக்கு இன்னும் கிட்டத்தில இருக்கு, ஏனெண்டா களிமண் எண்டாலும் கொஞ்ச நாள் புடிச்சு வைக்கும், எங்களுக்குக் கீழ இருக்கிறது மணல். மாரியில கிணத்தில குனிஞ்சு கையால தண்ணி அள்ளலாம், அவ்வளவு மேல நிக்கும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணி பைப்பில வந்த பிறகும் கனபேர் குளிக்க, உடுப்புக் கழுவ, மரக்கறிக்கு விட கிணறுதான் பாவிக்கிறம். ஊத்தினது அங்கதான் போகும், அங்கிருந்து வாவிக்கோ கடலுக்கோ. 2011 ஜனவரி வெள்ளம் ஞாபகம் இருக்கிற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, மூடி இறுக்காத பெரல் ஒண்டு வெள்ளத்தில மிதந்தா அது ஆர்ர கராஜ் எண்டு தண்ணி பாக்காது, கோயில் கேணி வரைக்கும் நிறம் அடிக்கும்.

இனி சட்டம். 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்துக்குக் கீழதான் எல்லாம் வருது. 2008இல வந்த ஒழுங்குவிதியில சுற்றாடல் பாதுகாப்பு லைசன்ஸ் எடுக்க வேண்டிய தொழில்களை மூண்டு பட்டியலாப் பிரிச்சாங்க. சேவிஸ் ஸ்டேசன் மாதிரி பெரிய ஆக்கள் மேல் பட்டியலில, பெயின்ட் ஸ்பிறே அடிக்காத, ஏசி வேலை செய்யாத சாதாரண கராஜ் கடைசிப் பட்டியலில. கடைசிப் பட்டியலுக்கு லைசன்ஸ் உள்ளூராட்சி சபை குடுக்கும், மூண்டு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்க வேணும். கேக்க நல்லாத்தான் இருக்கு, உண்மையிலயும் நல்ல ஏற்பாடுதான், ஒவ்வொரு சின்னக் கராஜும் கொழும்புக்கு ஓடத் தேவையில்ல.

கனபேர் நினைக்கிறாங்க லைசன்ஸ் காசுதான் பாரம் எண்டு. இல்ல. அந்தக் காசை மூண்டு வருசத்துக்குப் பிரிச்சா ஒண்டும் இல்ல. பாரம் எங்க எண்டா நிலத்தில. எண்ணெய் சிந்துற இடம் சீமெந்து போட்டிருக்க வேணும், கழுவுற தண்ணி நேர கானுக்குள்ள போகாம எண்ணெயைப் பிரிக்கிற தொட்டி ஒண்டு வேணும், பெரலுக்கு மேல கூரை வேணும், பெரல் ஓட்டையானா வழியிறதைப் புடிக்க சுத்திவர ஒரு வரம்பு வேணும். ஒண்டும் அநியாயமான கோரிக்கை இல்ல. ஆனா காணி ஆர்ர? எங்களுக்கு அது வாடகைக் காணி, வருசா வருசம் எழுதுறது. காணிக்காரர் வெளிநாட்டில, அவர்ர அக்கா வந்து வாடகை எடுப்பா. "சீமெந்து போட்டா மறுகா நாங்க வீடு கட்டக்குள்ள உடைக்க ஆர் காசு தாறது" எண்டு கேட்டா. அவவில பிழை சொல்ல ஏலாது. அடுத்த வருசம் எழும்பச் சொன்னா அவ்வளவு சீமெந்தையும் கல்லையும் ஆர்ரயோ காணிக்குள்ள விட்டுப்போட்டு வரவேணும். இந்த ரோட்டில இருக்கிற சின்னக் கராஜில பாதிக்கு மேல இந்தக் கதைதான் எண்டு அடிச்சுச் சொல்லுவன், கழிவுச் செலவு எண்டு கதைக்கிற ஆரும் காணி வாடகையைக் கணக்கில எடுக்கிறதில்ல.

கடைசியில ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தம். பெரல் வைக்கிற மூலையும், வாகனத்துக்குக் கீழ இறங்கி வேலை செய்யிற பிட் எண்டுற குழிக்குப் பக்கமும் மட்டும் சீமெந்து, மிச்சம் தகரத் தட்டு. ஒயில் வேலை தட்டுக்கு மேலதான். பொடியனுகளுக்கு முதல் மாதம் விசர் புடிச்சிது, இப்ப பழகிற்று.

சரி, ரெண்டாம் சாதிக் கழிவை முறைப்படி எங்க குடுக்கிறது? இலங்கையில இதுக்குப் பெரிய வழி புத்தளத்தில சீமெந்துச் சூளை. அதுக்குள்ள சூடு 1450 டிகிரி செல்சியசுக்கு மேல போகும், எண்ணெய்த் துணி, சேறு, பழைய ஒயில் எல்லாம் அந்தச் சூட்டில முழுசா எரிஞ்சு போகும், சாம்பலும் சீமெந்துக்குள்ளயே சேர்ந்துரும். யோசிச்சுப் பாத்தா நல்ல வேலை. ஆனா புத்தளம் இந்தத் தீவின்ட மேற்குக் கரை, நாங்க கிழக்குக் கரை. நான் கழிவு எடுக்கிற ஒரு கொம்பனிக்குப் போன் பண்ணினன். மரியாதையாத்தான் கதைச்சாங்க.

"எத்தின தொன் இருக்கு மிஸ்?"

"தொன்னோ? சாக்கு, சாக்கு. நாலு சாக்கு பில்டரும் துணியும் இருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்ல. மறுகா அவர் விளங்கப்படுத்தினார். எடுக்கிறதுக்கு கிலோ கணக்கில காசு, அதுக்கு மேல லொறிக் காசு. லொறி நிரம்பி வந்தாலும் நாலு சாக்கோட வந்தாலும் டீசலும் ட்ரைவர் சம்பளமும் ஒண்டுதான். நாலு சாக்குக்கு அந்தச் செலவைப் பிரிச்சா ஒரு பில்டரை முறைப்படி எறியிறதுக்கு ஆகிற காசில புதுப் பில்டரே வாங்கிப்போடலாம் போல இருந்திச்சு. பகிடிக்குச் சொல்லல்ல, கல்குலேட்டரில போட்டுப் பாத்திட்டுத்தான் சொல்றன். அவர்ல குற்றமும் இல்ல. பெரிய ஏஜென்சி சேவிஸ் சென்ரருகளுக்கு மாதத்துக்கு ஒரு லொறி நிரம்பும், அவங்களுக்கு இந்தச் செலவு பில்லில தெரியாமலே கரைஞ்சு போகும். அதே கழிவு, அதே சட்டம். ஆனா சின்ன ஆளுக்குத்தான் ஒரு கிலோவுக்கு விலை கூட.

அப்ப நான் என்ன செய்தன் எண்டா, சேவிஸ் பில்லில ஒரு வரி புதுசாப் போட்டன், "கழிவு அகற்றல்" எண்டு சின்னத் தொகை. கன பேர் பாக்காமலே காசு தந்தாங்க. ஒரு ரிட்டயர் ஆன வாத்தியார், எங்கட பழைய கஸ்டமர், கண்ணாடியைப் போட்டு பில்லை ஒவ்வொரு வரியா வாசிக்கிற ஆள், அவர் மட்டும் புடிச்சிட்டார்.

"தங்கச்சி, இது என்ன?"

"சேர், பழைய பில்டர், துணி எல்லாம் ஒழுங்கா அனுப்புறதுக்கு."

"பழைய ஒயில்?"

"அதையும்தான் சேர்."

"அதை நீங்க விக்கிறீங்கதானே. நான் காசு குடுத்து வாங்கின ஒயிலை என்ட எஞ்சினில இருந்து எடுத்து வித்துப்போட்டு, அதை எறியிறதுக்கும் என்னட்டயே காசு கேக்கிறீங்க. நல்ல யாவாரம்."

அண்ணா உள்ளுக்க இருந்து சிரிக்கிற சத்தம் கேட்டிச்சு. எனக்குச் சிரிப்பு வரல்ல. ஏனெண்டா அவர் கேட்டது சரியான கேள்வி. கொப்பியைத் திறந்தா ஒயில் வித்த காசு வரவுப் பக்கம் இருக்கு, அது பொடியனுகளுக்கு தேத்தண்ணி, பாண், வடை எண்டு போயிருக்கு, சில மாதம் அண்ணாட கைச்செலவு. கராஜ் எல்லாத்திலயும் அப்பிடித்தான், பழைய ஒயில் காசு எண்டா ஒரு வகையான சந்தோசக் காசு, கணக்கில இல்லாதது. அந்தக் காசைத்தான் ரெண்டாம் சாதிக் கழிவுக்குச் செலவழிக்க வேணும். ஒரே வாகனத்தில இருந்து வந்த நல்ல பங்கு கெட்ட பங்கைச் சுமக்கட்டும். நான் அந்த வரியை பில்லில இருந்து எடுத்துட்டு ஒயில் காசுக்குத் தனிக் கொப்பி போட்டன். அண்ணாக்குப் பெரிசா விருப்பம் இல்ல, ஆனா வாத்தியார் சொன்னதால ஒண்டும் சொல்லல்ல. வாத்தியார் சொன்னா இந்த ஊரில அதுக்கு மேல அப்பீல் இல்ல.

தனிக் கொப்பி போட்ட பிறகுதான் செலவைக் குறைக்கிற வழியும் தேடத் தொடங்கினன். பில்டரையே எடுங்க. சூட்டோட கழட்டி, மேல ஒரு ஓட்டை போட்டு, குறைஞ்சது 12 மணித்தியாலம் கவிழ்த்து வைச்சா உள்ளுக்க நிண்ட ஒயில் கனக்க வடிஞ்சு பெரலுக்குள்ள போகும். வடிஞ்ச பில்டர் எண்டா அது பெரும்பாலும் இரும்பு, பழைய இரும்பு எடுக்கிறவர் முகம் சுழிச்சாலும் எடுப்பார். அப்ப ரெண்டாம் சாதியில இருந்து ஒரு சாமான் முதலாம் சாதிக்கு மாறிற்று. பாட்ஸ் கழுவுற மண்ணெண்ணெயை ரெண்டு நாள் அசையாம வைச்சா ஊத்தை அடியில தங்கும், மேல தெளிவை மறுகா பாவிக்கலாம், அனுப்ப வேண்டியது அடிச்சேறு மட்டும். கூலண்டையும் பிரேக் ஒயிலையும் எஞ்சின் ஒயில் பெரலுக்குள்ள ஊத்தவே கூடாது, ஒருக்காக் கலந்தா முழுப் பெரலும் நாசம், நேர்மையா வாங்குற ஆள் எடுக்க மாட்டான். கூலண்டில இன்னொரு சங்கதி, அதில இருக்கிற எதிலீன் கிளைக்கோல் எண்டுற நஞ்சு இனிக்கும், தட்டில திறந்து வைச்சா நாய் நக்கிப்போட்டுச் சாகும். வெறும் ஒயில் கேன்களை நாங்க கத்தியால கீறித்தான் போடுறம். கீறாத கேனுக்குக் கூடக் காசு தாற ஆக்கள் இருக்காங்க, அந்தக் கேன் எதுக்குப் போகுது எண்டு போலி ஒயில் போட்டு எஞ்சின் இறுகின ஆக்களிட்டக் கேளுங்க.

பற்றரியில எங்களுக்குள்ள பெரிய சண்டையே வந்திச்சு. செத்த பற்றரியில பாரத்தில பாதிக்கு மேல ஈயம், அதால நல்ல விலை. ஆனா சில யாவாரிகள் அசிட்டை ஊத்திப்போட்டு குடுங்க எண்டு கேப்பாங்க, லொறியில சிந்துதாம். எங்க ஊத்துறது? மணலில. அந்த அசிட்டோட ஈயமும் சேர்ந்துதான் இறங்கும். பிள்ளைகளிட இரத்தத்தில ஈயம் இவ்வளவு இருந்தாப் பரவாயில்ல எண்டு சொல்ற அளவு ஒண்டு இல்ல எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அசிட்டோட எடுக்கிற ஆளுக்குக் குடுத்தா விலை கொஞ்சம் குறையும். அந்தக் குறையிற காசும் சட்டப்படி போறதுக்கான செலவுதான், ஆனா எந்தப் பில்லிலயும் வராது.

டயரைப் பாருங்க, அதில மட்டும் இந்த ஊர் கராஜ் எல்லாம் ஒழுங்கு. ஏன்? 2007இல வந்த நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கிற சட்டம். டயருக்குள்ள தண்ணி நிண்டு புழு இருந்தா பீஎச்ஐ எண்டுற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடுவார், கோர்ட்டுக்குப் போக வேணும். டெங்கு வந்த வீட்டைச் சுத்தி அடுத்த கிழமையே வருவாங்க. அதால மழை தொடங்க முதல் டயர் எல்லாம் கூரைக்குக் கீழ போயிரும், ஓட்டை போடுவாங்க, ஆராவது மண் மூட்டைக்குப் பதிலா அணை கட்டக் கேட்டா சந்தோசமாக் குடுப்பாங்க. ஆக்களுக்கு அக்கறை இல்லாம இல்ல. நுளம்பு பத்து நாளில ஆளைப் படுக்கப் போடும், மணலில ஊத்தின ஒயில் பத்து வருசம் கழிச்சு ஆர்ர கிணத்திலயோ மிதக்கும், அதுக்கு ஒரு பீஎச்ஐயும் வழக்குப் போட ஏலாது.

இப்ப புதுசா ஒரு கழிவு வந்திருக்கு. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்க, 2025 தொடக்கத்திலதான் மறுகா விட்டாங்க. அந்த அஞ்சு வருசமும் இருந்த வாகனத்தையே தைச்சுத் தைச்சு ஓடினம், கராஜுக்கு வேலை கூட, கழிவும் கூட. அதில ஹைபிரிட் வாகனங்களும் கிழடாப் போயிற்று. டொயோட்டா அக்குவாட பெரிய பற்றரிக்குள்ள மொடியூல் எண்டு 20 சின்னப் பற்றரித் துண்டு, சேர்த்தா 144 வோல்ட். முழுப் பற்றரி மாத்த ஆர்ட்டக் காசு இருக்கு, செத்த மொடியூலை மட்டும் மாத்திப்போட்டு ஓடுறாங்க. கழட்டின மொடியூல் கராஜ் மூலையில அடுக்கிக் கிடக்கு. அதுக்குள்ள நிக்கல் இருக்கு, பெறுமதியான சாமான், ஆனா எங்கட பக்கம் அதை முறையா எடுக்கிற ஆள் ஒருத்தரும் வரல்ல. லித்தியம் பற்றரி போட்ட வாகனம் பழசாகக்குள்ள இதை விட மோசம், அது ஈரப்பட்டாலோ நசிஞ்சாலோ நெருப்பு. அண்ணா இப்பவே ஹைபிரிட் பற்றரி வேலை வேணாம் எண்டுறார், பயத்தில இல்ல, கழட்டினதை எங்க வைக்கிறது எண்டுதான்.

என்ட அபிப்பிராயம் இதுதான், கழிவுச் செலவை கராஜ் வாசலில வைச்சுக் கேட்டா ஒருக்காலும் ஒழுங்கா வராது. ஒழுங்காச் செய்யிறவன்ட பில் கூடும், பக்கத்துக் கராஜ்காரன் பின் வளவில ஊத்திப்போட்டு குறைச்சு வாங்குவான், கஸ்டமர் அங்க கிறுகுவார். நல்லவனுக்குத் தண்டனை. செலவை ஒயில் கேன் விக்கிற இடத்திலயே சேர்த்து எடுத்துப்போட வேணும், அப்ப எல்லாருக்கும் ஒரே விலை. ஜேர்மனியில ஒயில் விக்கிற கடைக்காரர் வித்த அளவுக்கு பழைய ஒயிலைச் சும்மா திருப்பி எடுக்க வேணும் எண்டு சட்டம். இந்தியாவிலயும் 2024 ஏப்ரலில இருந்து ஒயில் தயாரிக்கிற, இறக்குற கொம்பனிகளிட தலையிலதான் பழைய ஒயிலைச் சுத்திகரிக்கிற பொறுப்பைப் போட்டிருக்காங்க. கராஜ்காரன் சேர்த்து மட்டும் வைச்சாப் போதும். இஞ்ச ஒயில் கொண்டு வாற கொம்பனிகள் கொஞ்சம்தான், கராஜுகளோ ஒழுங்கைக்கு ஒழுங்கை. ஆரைப் புடிக்கிறது லேசு?

அது வரும் வரைக்கும் சும்மா இருக்க ஏலாது எண்டு பக்கத்துக் கராஜ்காரரிட்டக் கதைச்சன். எல்லாரும் ரெண்டாம் சாதிக் கழிவைப் பிரிச்சு சேர்த்து வைப்பம், ஒரு லொறி அளவு சேர்ந்தா ஒண்டாக் கூப்பிடுவம், லொறிக் காசை சாக்குக் கணக்கில பிரிப்பம் எண்டு. கன பேருக்கு யோசனை புடிச்சிது. ஒரு அண்ணன் மட்டும், "தங்கச்சி, சேர்த்து வைச்சா அதுவே குற்றம் எண்டு புடிச்சா? இப்ப எறிஞ்சா ஒருத்தரும் காண மாட்டாங்க" எண்டார். அவர் சொன்னதில விசயம் இருக்கு, ஆபத்தான கழிவைக் கூட்டிச் சேர்த்து வைக்கிறதுக்கும் தனி அனுமதி வேணும், அதை ஆர்ர பேரில எடுக்கிறது, ஆர்ர காணியில வைக்கிறது, நெருப்புப் புடிச்சா ஆர் பொறுப்பு. என்ட விருப்பம் எண்டா சபையே ஒரு கூரை போட்ட சீமெந்து நிலம் தந்து, வருசத்தில ரெண்டு தரம் எல்லாக் கராஜுக்கும் ஒரு நாள் ஒதுக்க வேணும், நாங்க நிறுத்துக் காசு கட்டுறம். கடிதம் எழுதி வைச்சிருக்கன், கராஜ்காரர் கையெழுத்து வாங்கிக்கிட்டு இருக்கன். அந்த அண்ணனும் கையெழுத்து வைப்பாராம், ஆனா முதல் ஆளா வைக்க மாட்டாராம்.